கைக்குத் தட்டிய எண்

ஐம்பது ஆண்டைக் கடந்த இரு சக்கர வண்டி, உருமாறாமல் இருக்குமானால், பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறலாம். ஏற்கெனவே பதிவானதாக இருந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் சேர்ந்த அறுபது நாட்களுக்குள் பதிவுச் சான்று வழங்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் இப்படித்தான் இருக்கிறது. முடிந்தால் வழங்கலாம், மனமிருந்தால் வழங்கலாம் என்றெல்லாம் அதில் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்று காலை பக்கத்து மனையில் இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். தின்னர் வாசனை சுவர் தாண்டி வந்து என் காப்பியில் இறங்கியது. வேறு ஒருவராக இருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பார். எனக்கு இந்த விதி ஞாபகம் வந்தது. அதன் பின்னாலேயே முத்துராஜ் வந்தான். அவன் பின்னால், யார் மேல் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதமான பழங்கதை கேட்கலாம் என்று வந்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

தின்னர் வாசனைக்கு வெகு காலம் முன்பே எனக்குப் பெட்ரோல் வாசனை பழக்கம். பெட்ரோல் மட்டுமல்ல, ஆயில் கலந்த பெட்ரோல். என் வண்டி டூ ஸ்ட்ரோக். செக்கோஸ்லோவாக்கியாக்காரர்கள் வரைந்து கொடுத்து மைசூரில் செய்தது. மெரூன் நிறம், இரண்டு பக்கமும் புகைக்குழாய், கிக்கரே கியராகவும் வேலை செய்யும் விசித்திரம். என் வயதுக்காரர்களுக்கு இந்நேரம் பெயர் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொன்னாலும், "மைலேஜ் என்ன அங்கிள்?" என்பதைத் தவிர வேறு கேள்வி வரப்போவதில்லை.

எங்களுடையது ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கர்யக் குடும்பம். அண்ணா கோயிலோடு இருந்துவிட்டான். நான் சம்பளத்துக்கு என்று அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். வேலையில் சேர்ந்த புதிதில், எனக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய இந்த வண்டியை வாங்கினேன். அண்ணா மடப்பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் நான் கிக்கரை உதைப்பேன். தெரு முழுக்க வெள்ளைப் புகை எழும்பும். "பெருமாளுக்கு முன்னாடி உன் வண்டிக்குன்னா தூபம் நடக்கறது!" என்பான். அவன் கிண்டல் செய்தானா, சாபம் கொடுத்தானா என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

கிக்கர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வண்டியைக் கிளப்பிய பின் அதே இரும்பை உள்ளே அழுத்தி முன்பக்கம் சாய்த்தால் அது கியராகிவிடும். இது தெரியாமல் எங்கள் ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஒருநாள் டீ குடிக்க வண்டியைக் கடன் வாங்கிப்போனான். போன வேகத்தில் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான். "சார், உங்க வண்டில கியரு எங்கியோ வுயுந்துட்ச்சு. நா தொடவே இல்ல சார், சத்தியமா!" என்று அழாத குறை. விழுந்த கியரைத் தேடிச் சாலையில் பாதி தூரம் குனிந்து வேறு நடந்து வந்திருக்கிறான். அதற்குப் பிறகு என் வண்டியை யாரும் கடன் கேட்டதில்லை. திருடனுக்கும் இதே கதிதான் என்பதால் நான் பூட்டியதும் இல்லை.

மனைவி ஜானகிக்குப் பிறந்த வீடு சிங்கப்பெருமாள் கோவில். கல்யாணமான புதிதில் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஒரகடம் வழியாகப் போவேன். இன்று அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நிற்கின்றன. அன்றைக்கு அங்கே எதுவுமே கிடையாது. அதுவல்லவோ காலம் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் அந்த வெயிலில் பஞ்சரான டயரைக் கழற்றியதில்லை என்று அர்த்தம். நான் கழற்றியிருக்கிறேன். ஜானகி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பம்ப் அடித்திருக்கிறாள். "எங்கப்பா பஸ்ல அனுப்பறேன்னார்" என்று அன்று சொன்ன வாக்கியத்தை இன்றுவரை அவள் வாபஸ் வாங்கவில்லை.

பிறகு தொழிற்சாலைகளே எங்கள் ஊரைத் தேடி வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சட்ட நடைமுறைப் பிரிவுக்குப் போனேன். தொழிற்சாலை ஆய்வாளர், கொதிகலன் ஆய்வாளர், தொழிலாளர் துறை என்று யார் எந்தக் காகிதத்தைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கம்பெனி பஸ் வாசலுக்கே வந்தது. வண்டி கொட்டகைக்குப் போனது. ஒரகடம் சாலைப் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டு வந்தபோது கூடவே வந்தது. ஓட்டி அல்ல, மணல் லாரியில்.

ஓய்வு பெற்றதும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போனது. அந்தச் சமயத்தில்தான் மேற்படி விதி வெளியாயிற்று. ஒரு விதியை இவ்வளவு பிரியமாக நான் படித்ததில்லை. சுங்குவார்சத்திரத்திலிருந்து தசரதன் என்ற பழைய மெக்கானிக்கை அழைத்து வந்தேன். வண்டியை மூடியிருந்த சாக்கை உருவிப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"இது வண்டி இல்ல சார், தெய்வம். ஆனா தெய்வத்துக்குக் கார்புரேட்டர் பூட்ச்சு."

"எஞ்சின்?"

"எஞ்சின் நல்லா கீது. உள்ள எலி குடும்பம் நடத்திகினு கீது, அவ்ளோதான்."

எஞ்சின் தசரதன் பொறுப்பு. பெயிண்ட் எப்படி முத்துராஜ் கைக்குப் போனது என்பதற்கு ஜானகிதான் பதில் சொல்ல வேண்டும். கோவில்பட்டிக்காரன், முப்பதை நெருங்குகிறவன், மாடியில் எங்களிடம் குடியிருந்தான். ஒரு கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. அவனுக்கும் எனக்கும் தண்ணீர் மோட்டார் விஷயமாகத் தீராத போர். ஷிப்ட் முடிந்து வந்து அவன் குளிக்கத் தொடங்கினால் எங்கள் தொட்டி காலி. நான் மோட்டார் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டேன். அவன் பூட்டின் மேல் காய்கிற மாதிரி ஈரத் துண்டைத் தொங்கவிட்டான். இந்த நிலையில் ஜானகி அவனிடம் போய், "இவர் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் தேடறார்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

அவன் இறங்கி வந்து, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், பெட்ரோல் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல ஓட்டினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னத்துக்கு சார் இப்பிடிப் போட்டு வச்சிருக்கிய? மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு கணக்கா இருக்கு."

அவன் வேலையே அதுதான் என்று பிறகு தெரிந்தது. கார் உடம்பு ஒவ்வொன்றாக லைனில் வரும். மெல்லிய கையுறை போட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் மேடும் கைக்குத் தெரியும். தெரிந்ததைத் தேய்த்துச் சமமாக்கி அனுப்ப வேண்டும். "எங்க லைன்ல ஒரே சட்டம்தான் சார். கைக்குத் தட்டுனா டிஃபெக்ட்" என்றான். எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. சுருக்கமான விதிகள் எனக்கு எப்போதும் பிடிக்கும். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையில் கிரைண்டர் அலறியது. புட்டி, பிரைமர், தின்னர் வாசனை. மெரூனைக் கடையில் வாங்காமல் கறுப்பையும் சிவப்பையும் கலந்து பழைய நிறத்தைக் கண்ணாலேயே பிடித்தான். நடுவில் நான் ஏதாவது சொன்னால், "சார், போயி பேப்பர் படிங்க" என்பான். என் வீட்டுக் கொட்டகையிலிருந்து என்னையே துரத்தினான். வண்டி முடிந்து வெளியே வந்தபோது அதில் என் முகம் தெரிந்தது. அவ்வளவு வயதான முகமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மனைப்பிரிவு இருந்தது. தார்ச்சாலை, மஞ்சள் கல், நுழைவில் ஒரு வளைவு, மனிதர்கள் மட்டும் கிடையாது. சாலைகளை ஊராட்சியிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை. ஆகவே அது பொதுச் சாலை அல்ல, பதிவு காலாவதியான வண்டியை அங்கே ஓட்டலாம் என்பது என் வாதம். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வாதத்தைத் தயாராக வைத்திருந்தேன். தசரதன் பெட்ரோலில் ஆயிலைக் கலந்து குலுக்கி ஊற்ற, நான் உதைத்தேன். கால் மறக்கவில்லை. வெள்ளைப் புகை மனைப்பிரிவு முழுக்கப் பரவியது. முத்துராஜ் கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தான். மஞ்சள் கற்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தோம். அவன் ஒரு கையை எட்டி டேங்கின் மேலேயே வைத்திருந்தான், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

"சார், நாளைக்கு லைன்ல இதச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டாம்லா" என்று காதருகே கத்தினான். என்னுடைய மொத்த ஓய்வுக்காலத்தில் எரிச்சல் இல்லாமல் கழிந்த ஒரு மாலை என்று அதைத்தான் சொல்வேன்.

ஆனி மாதம் வட்டாரப் போக்குவரத்துப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டேன். இணைப்புகளுக்கு வரிசை எண், ஒவ்வொரு நகலிலும் கையொப்பம். ஆய்வுக்குக் கூப்பிட்டபோது வண்டியைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர், முப்பத்தைந்து வயதிருக்கும், வண்டியை ரசிக்கவெல்லாம் இல்லை. வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஹேண்டில்பாருக்குக் கீழே குனிந்தார். சேசிஸ் எண் பொறித்த இடத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் ஏறும். அதை விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டும்.

தேய்த்தார். தாள் முழுக்கக் கறுப்பானது. எண் வரவில்லை. இன்னொரு தாள். அதுவும் கறுப்பு.

"நம்பர் எங்க சார்?"

நான் குனிந்தேன். என் முகம்தான் தெரிந்தது. இரும்பில் அடித்துப் பதித்த எண் இருக்க வேண்டிய இடம் கண்ணாடிபோல இருந்தது.

துணைக்கு வந்திருந்த முத்துராஜ் என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "சார்... அது நம்பரா? நான் கைக்குத் தட்டுதேன்னு..."

"வாயை மூடு" என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

எஞ்சின் எண் அப்படியே இருந்தது. பழைய பதிவுப் புத்தகத்தில் இரண்டு எண்ணும் இருந்தன. எடுத்து நீட்டினேன்.

"அது புக்கோட நம்பர் சார். வண்டியோட நம்பர் எங்க? சேசிஸ் நம்பரைத் தேய்க்கறது யாரு தெரியுமா? திருடன்."

"திருடன் இவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடிப்பானா?"

"நல்ல திருடன் அடிப்பான்" என்றார். நான் ஓய்வுபெற்றிருக்கிறேனே என்று முதன்முறையாக வருத்தப்பட்டேன். பதவியில் இருந்திருந்தால் அந்தப் பதிலுக்கு ஒரு மறுபதில் கிடைத்திருக்கும்.

சில நாளில் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். எண்ணை அகற்றிய நபரின் பெயர், முகவரி, பணியிடம், எழுத்துமூல விளக்கம். வண்டி திருட்டு வழக்கில் சம்பந்தப்படவில்லை என்று காவல் நிலையச் சான்று. அதை நான் முத்துராஜிடம் படித்துக் காட்டியபோது அவன் முகம் மாறியது. தொழிற்சாலையில் தீபாவளிக்குப் பிறகு காண்ட்ராக்ட் ஆட்களில் ஒரு அணியை நிரந்தரமாகக் கம்பெனி ரோலில் எடுக்கப்போகிறார்கள். அதற்குப் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம்.

"ஏழு வருசமா காண்ட்ராக்ட்ல கெடக்கேன் சார். எம்பேரு ஸ்டேசன் பேப்பர்ல வந்துட்டுன்னா கேட்டுலயே பாஸைப் பிடுங்கிருவானுவ."

"அதை கிரைண்டர் எடுக்கும்போது யோசித்திருக்க வேண்டும்" என்றேன். அவன் விறுவிறுவென்று மாடி ஏறினான். கதவு சாத்திய வேகத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

அன்று மாலை விளக்கம் எழுதினேன். எண்ணை அகற்றியது நான். துருவை நீக்கும்போது அனுபவக் குறைவால் நேர்ந்தது. ஜானகி தோளுக்கு மேலிருந்து படித்தாள்.

"ஏன்னா, ஆத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா பக்கத்தாத்துப் பிள்ளைய கூப்பிடறேள். நீங்க கிரைண்டர் பிடிச்சேள்னா எவன் நம்புவான்?"

"நம்ப வேண்டியதில்லை. கோப்பில் வைத்தால் போதும்."

காவல் நிலையத்தில் ரைட்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், இது கிரைண்டர் புடிச்ச கையா?"

"புதிதாகப் பிடித்த கை. அதனால்தான் நம்பர் போயிற்று."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் காகிதம் சிரிக்கவில்லை. விசாரணை என்று ஒன்று தொடங்கினால் அதை முடிக்க வேண்டும். தேய்ந்த எண்ணை மீட்க வழி இருக்கிறது. தடயவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தில் அமிலம் தடவினால், அடித்துப் பதித்த அழுத்தம் இரும்புக்குள் எங்கோ நின்றிருந்து மங்கலாக மேலே வரும். இந்த வழியை அவர்கள் சொல்லவில்லை. நான்தான் எழுதிக் கேட்டேன். அதற்கு அந்த இடத்துப் பெயிண்டை உரிக்க வேண்டும்.

முத்துராஜுக்கு அது பொறுக்கவில்லை. "நாலு கோட்டு சார். நாலு கோட்டு! வேற எவனும் கைய வைக்கக் கூடாது" என்று தானே பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். உரிக்கும்போது திட்டிக்கொண்டே உரித்தான். யாரை என்று நான் கேட்கவில்லை. நடுவில் தலை நிமிராமல் கேட்டான்:

"ஏன் சார் அப்பிடி எழுதுனிய?"

"உன் பெயரை எழுதினால் எழுத்துப்பிழை வரும்."

"போங்க சார்" என்றான். மறுபடி உரிக்கத் தொடங்கினான். எங்களுக்குள் நடந்த அன்பான உரையாடல் என்று ஒன்றைக் குறிப்பிட வேண்டுமென்றால் இதைத்தான் குறிப்பிட வேண்டும்.

ஆய்வகத்தில் எண் தெரிந்துவிட்டது. ஆவணி முடிவதற்குள் அந்த அறிக்கை நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து பதிவு அலுவலகத்துக்கும் போய்விட்டது. அனுப்பிய விவரம் என்னிடம் இருக்கிறது. இனி அந்த அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, விசாரணை முடிந்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்குள்தான் முத்துராஜ் மாட்டிக்கொண்டான். புரட்டாசியில் அவனுடைய சரிபார்ப்புக்காகக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, முகவரியை எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"இதே அட்ரஸ்ல ஒரு என்கொயரி கீதே சார். சேசிஸ் நம்பர் மேட்டர்."

"அது என் பேரில். இவன் மாடியில் வாடகைக்கு இருக்கிறான்."

"டோர் நம்பர் ஒண்ணுதான சார்? அது குளோஸ் ஆவட்டும். ஆனதும் இத்த அனுப்பிக்கலாம்."

நான் பெயரை மறைத்துவிட்டு முகவரியை மறந்திருந்தேன். மாடிக்குத் தனிக் கதவு எண் வாங்கச் சொல்லி ஜானகி எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொத்து வரி கூடும் என்று நான்தான் வாங்கவில்லை.

அதன் பிறகு நான் பதிவு அலுவலகத்துக்கு நடந்தேன். முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், மேலதிகாரிக்கு முறையீடு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு கதவையும் அதன் சரியான பெயர் சொல்லித் தட்டினேன்.

"ஃபைல் சார்கிட்ட கீது" என்றாள் கவுண்டர் பெண்.

"எந்த சார்?"

"லீவுல கீற சார்."

"லீவில் இருப்பவரிடம் கோப்பு எப்படி இருக்கும்?"

"அவரு பீரோல கீது. சாவி அவர்கிட்ட கீது." அவள் குரலில் கேலிகூட இல்லை. மழை பெய்கிறது என்பதைப்போலச் சொன்னாள். சார் விடுப்பு முடிந்து வந்தார். வந்ததும் மாறுதலாகிப் போனார். புதிய சார் பொறுப்பேற்றுக் கோப்புகளை முதலிலிருந்து படிக்க விரும்பினார். ஒழுங்கான மனிதர் போலிருக்கிறது. நானும் பதவியில் இருந்தபோது அப்படித்தான் விரும்பியிருப்பேன், அதனால் அவரை மனமாரத் திட்டவும் முடியவில்லை.

தீபாவளி போயிற்று. அந்த அணியைக் கம்பெனி ரோலில் எடுத்தார்கள். முத்துராஜின் கூட்டாளிகள் இனிப்பு கொண்டுவந்து எங்களுக்கும் கொடுத்தார்கள். அவன் பெயர் சரிபார்ப்பு நிலுவை என்று நின்றது. அடுத்த அணி எப்போது என்று யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் காண்ட்ராக்டரும் ஆள் குறைத்தார்.

கார்த்திகையில் அறையைக் காலி செய்தான். குஜராத்தில் ஏதோ ஒரு கார் தொழிற்சாலை. அங்கேயும் காண்ட்ராக்ட், அங்கேயும் கையுறை போட்டுத் தடவுகிற வேலை. ஒரு பை, ஒரு மின்விசிறி, சுருட்டிய பாய். ஜானகி புளியோதரை கட்டிக் கொடுத்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் நின்றேன்.

"எனக்காண்டி பொய் எழுதுனியளே, அதுக்குக் கும்பிடவா, வையவா, ஒண்ணும் வெளங்கல சார்."

"வைதுவிட்டுப் போ. கும்பிடு போட்டால் நான் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்."

அவன் வையவில்லை. ஷேர் ஆட்டோ வந்தது. ஏறுவதற்கு முன் கொட்டகைக்குப் போய், உரித்த இடத்தில் வெறும் இரும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். "தட்டல சார்" என்று மட்டும் சொன்னான்.

இப்போது மனைப்பிரிவு கிடையாது. யாரோ மொத்தமாக வாங்கி, மஞ்சள் கற்களைப் பிடுங்கிப் போட்டு, சுற்றுச்சுவர் எழுப்பிக் கிடங்கு கட்டிவிட்டார்கள். வாசலில் காவலாளி இருக்கிறான். அங்கே சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டியதாகச் சொன்னால் அவன் என்னை ஏற இறங்கப் பார்ப்பான். தசரதன் மகன் வீட்டோடு போய்விட்டான்; கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். மாடியில் மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் பையன்கள் கொஞ்ச நாள் இருந்தார்கள், சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போனார்கள். தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கிறது. சண்டை போட ஆளில்லை.

முத்துராஜ் போன பிறகு பதிவு அலுவலகத்திலிருந்து வந்த பதில் மிக நன்றாக எழுதப்பட்டிருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சேசிஸ் எண் ஐயத்துக்கு இடமின்றிக் கண்டறியப்பட்டது. மேற்படி முகவரியின் மீதான விசாரணை முடித்துவைக்கப்படுகிறது. பழைய பதிவு எண்ணே தொடரும். விண்ணப்பதாரர் இனி இயந்திரக் கருவிகளைக் கையாளும்போது எச்சரிக்கையாக இருக்க அறிவுறுத்தப்படுகிறார். நகல், காவல் நிலையத்துக்கு. தெருவில் பழைய பாயும் டயரும் எரிந்த புகை கண்ணைக் கரித்தது. தபால்காரர் இருமிக்கொண்டே கையெழுத்து வாங்கிப் போனார். உறையின் மேல் தபால் முத்திரை முந்தின நாளுடையது. பதில் என் கைக்கு வந்தது போகி அன்று.